படிவம் 213: பெயர் எழுதும் கட்டம்

அன்றைக்கு இருந்தவர்கள்:

மருமகள். நெட்வொர்க் பிரிவு. ஜன்னல் இல்லாத அறையில் மூன்றாவது மேசை.
மாமியார். பாதுகாப்புப் பிரிவு. அதே அறையில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்.
சூப்பிரண்டு. சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. மேசைமேல் ஒரு தட்டு, அதில் ஒரு முழ உயரத்துக்குக் காகிதம்.
ஸ்கேன்காரர். போனில் மட்டும்.
ஒரு பஸ் டிரைவர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைக்கப்பட்டவர். அதே போனில், பின்னாலிருந்து வந்த குரல்.

இல்லாதவர்கள்: மாமியாரின் மகன், அதாவது மருமகளின் கணவன். கப்பலில் வேலை. அப்புறம் நான்.

1 (மீதி 8)

நான் அன்றைக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் கழித்துத்தான் அந்த அறைக்கு இரவு வேலைக்குப் போனேன். பதினான்கு மாதம் இருந்துவிட்டுப் பாதியில் விட்டேன். அது ஒரு கண் ஆஸ்பத்திரியின் கணினி அறை. தலைமை ஆஸ்பத்திரி ஒன்று, தூரத்து ஊர்களில் கிளைகள் சில, எல்லாவற்றையும் கட்டிப் போட்ட கம்பிகள் இங்கே வந்து முடியும். வேலை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அலமாரியில் பழைய பழுதுப் படிவங்கள் இருந்தன. எடுத்துப் படித்தேன்.

படிவம் 212: பிரிண்டர் தாளை மென்று தின்றது. படிவம் 214: மாடிப்படிக்கு அடியில் எலி கேபிளைக் கடித்தது. நடுவில் 213 இல்லை. தாளைக் கிழித்த ஓரம் மட்டும் கோப்பில் நின்றது. பதிவேட்டில் அதற்கு ஒரே ஒரு வரி இருந்தது: "கண் கிளை. சின்னது போகுது, பெரிசு போகலை. முடிந்தது."

இன்னொன்றும் பார்த்தேன். 212 வரைக்கும் எல்லாப் படிவத்திலும் கையெழுத்து பச்சை மை. 214 முதல் மூன்று மாதத்துக்கு நீல மை, பக்கத்தில் "பொறுப்பு" என்று ஒரு சொல். அப்புறம் மறுபடி பச்சை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த அறையில் ஒரு காலத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் வேலை பார்த்தார்கள் என்று டீ கொண்டு வருகிறவர் சொன்னார். மீதியை நான் கட்டினேன்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பற்றி. நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது தகவல் பொட்டலத்தின், தலையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இன்னும் எத்தனை கை மாறலாம். வழியில் நின்று கை மாற்றிவிடும் ஒவ்வொரு ரௌட்டர் பெட்டியும் அந்தக் கடைசி எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் அடுத்த ரௌட்டருக்குத் தள்ளும். பூச்சியமாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். இல்லாவிட்டால் வழி தவறிய பாக்கெட்டுகள் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். கதைக்கும் இது ஒன்று தேவை என்று பட்டது. எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எண் பார்த்துக்கொள்ளட்டும்.

2 (மீதி 7)

முதல் தொடக்கம்: "அந்தத் திங்கட்கிழமை காலையில் வானம் மப்பும் மந்தாரமுமாக—"

நிறுத்தினேன். அறைக்கு ஜன்னல் இல்லை என்று மேலே எழுதியவன் நான்தான்.

இரண்டாவது: "ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர்—"

டிவி தொடருக்கு விளம்பரம் மாதிரி இருந்தது. அடித்தேன்.

மூன்றாவது: "ஆயிரத்து ஐந்நூறு பைட்டுக்கு மேற்பட்ட பாக்கெட் எதுவும்—"

என் தங்கை வாங்கிப் படித்துவிட்டு, "இது யாருக்குடா?" என்றாள். அதோடு அதுவும் போயிற்று.

ஆகவே உள்ளதை உள்ளபடி. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தார்கள், வேறு வேறு சீட்டில். மருமகள் அந்த வேலையில் சேர்ந்த அன்றைக்குக் காலையில், செருப்பு மாட்டும்போது, மாமியார் ஒரு சட்டம் போட்டார்.

"இங்க பாரு. ஆபீஸ் வீட்டுக்குள்ள வரக்கூடாது. வீடு ஆபீஸுக்குள்ள வரக்கூடாது. சரியா?"

"சரி அத்தை."

அதன்படி வீட்டில் 'அத்தை', 'நீ'. ஆபீஸில் 'மேடம்', 'நீங்க'. ஆபீஸில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியது எதுவானாலும் படிவத்தில் எழுதி சூப்பிரண்டிடம் கொடுப்பது. அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். கொடுத்தவர் கையிலிருக்கும் நகலிலும் போட்டுத் தருவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. படிவத்தைத் தட்டில் வைப்பார். தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போக ஓர் ஆள் இருந்தார்.

மருமகளின் மேசைக்கும் மாமியாரின் மேசைக்கும் பதினொரு எட்டு. ஒருத்தர் தும்மினால் இன்னொருத்தருக்குக் கேட்கும். ஆனாலும் படிவம்தான். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடச் சட்டம் மீறப்படவில்லை. வீட்டில் அவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் சூடாக்கும் பெட்டியை யார் அணைக்காமல் விட்டது என்று சண்டை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைச் சேர்ந்து நிரப்புவார்கள். கப்பல்காரன் ஒழுங்காகப் போன் பண்ணுவதில்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் திட்டுவார்கள்.

(அவனைக் கப்பலில் ஏற்றியது என் சோம்பேறித்தனம். மாமியார், மருமகள், நடுவில் மகன் என்று வைத்தால் இரண்டு பக்கமும் தலையாட்டியே நாலு பக்கத்தைத் தின்றுவிடுவான். அதனால் ஆறு மாதம் கடல், ஒரு மாதம் வீடு என்று அனுப்பிவிட்டேன். இன்னும் ஐந்து வாரத்தில் வரப்போகிறான் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.)

தட்டைத் தூக்குகிற ஆள் ஒரு மாதம் முன்பு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இதையும் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3 (மீதி 6)

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மருமகளின் மேசையில் போன் அடித்தது. ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளியிருக்கும் கிளையிலிருந்து ஸ்கேன்காரர்.

"மேடம், உங்க லைன் செத்துப் போச்சு."

"இந்த போனே அந்த லைன்லதாங்க வருது. செத்த லைன்ல எப்படிப் பேசறீங்க?"

"அதானே எனக்கும் புரியல. பேச்சு போகுது. பேஷண்ட் பேரு போகுது, வயசு போகுது. கண்ணு படம் மட்டும் போக மாட்டேங்குது. ஒரு மணி நேரமா பூச்சியம் சதவீதத்துலயே நிக்குது."

பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பி, நான் எப்ப போகலாம்?"

"இருங்க அண்ணே. பஸ் டிரைவர் மேடம். மருந்து விட்டு கண்ணு அகலமா விரிஞ்சு உக்காந்திருக்கார். ஆந்தை மாதிரி."

"மருந்து கண்ணுலதான்பா விட்டிருக்கீங்க," என்றது குரல். "காதுல விடல."

விஷயம் இதுதான். கிளையில் கண்ணைப் படம் எடுப்பார்கள். தலைமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்து லேசர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார். படம் வராவிட்டால் டிரைவர் ரயில் ஏறி வர வேண்டும். அவருக்குப் பின்னால் இன்னும் பதினேழு பேர் வரிசையில் இருந்தார்கள்.

மருமகளுக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்தக் கிளைக்குப் பழைய பாதையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு 'டனல்' போட்டது முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை. போட்டது அவள்.

"சின்னதா ஒரு ஃபைல் அனுப்பிப் பாருங்க."

"போயிடுச்சு."

"கொஞ்சம் பெரிசா?"

"ம்... நின்னுடுச்சு மேடம்."

சின்னது போகுது, பெரிசு போகலை. அவள் அதை அப்படியே பதிவேட்டில் எழுதினாள். எழுதும்போது கை லேசாக நடுங்கியது என்று—

இல்லை. நடுங்கவில்லை. நன்றாக வேலை தெரிந்த பெண். வேர்த்தது, அவ்வளவுதான்.

4 (மீதி 5)

இந்தப் பகுதி முதலில் ஒன்பது பக்கம் இருந்தது. தங்கை இரண்டாம் பக்கத்தில் தூங்கிப்போனாள். தூங்கினேன் என்று சொல்லவும் இல்லை; மறுநாள் "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே சுருக்கியிருப்பேன். இப்போது மூன்று துண்டாக அனுப்புகிறேன்.

மூன்றில் ஒன்று. அந்தப் பாதையில் ஒரு பாக்கெட் ஆயிரத்து ஐந்நூறு பைட் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் நுழையாது. ஒரு கண் படம் ஆயிரக்கணக்கான பாக்கெட்டாக வெட்டப்பட்டுப் போகும். அனுப்புகிற கணினி கெட்டிக்காரத்தனமாக ஒவ்வொன்றையும் முழு ஆயிரத்து ஐந்நூறுக்கு நிரப்பும். தலைச்சீட்டில் 'வழியில் என்னை உடைக்காதே' என்றும் எழுதிவிடும்.

மூன்றில் இரண்டு. டனல் என்பது வேறொன்றுமில்லை. வந்த பாக்கெட்டை அப்படியே இன்னொரு உறையில் போட்டு, அந்த உறைக்கு ஒரு புதுத் தலைச்சீட்டு ஒட்டி அனுப்புவது. அந்தச் சீட்டுக்கு இருபத்து நான்கு பைட். ஆயிரத்து ஐந்நூறும் இருபத்து நான்கும் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்து நான்கு. வாசல் ஆயிரத்து ஐந்நூறு. நிலையில் இடிக்கும்.

மூன்றில் மூன்று. இடித்தால் பரவாயில்லை. ரௌட்டர் அந்தப் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பிய கணினிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதும்: 'பெரிசா இருக்கு. 1476-க்குள் அனுப்பு.' கணினி கேட்டுக்கொண்டு சுருக்கி அனுப்பும். ஒரு கண்சிமிட்டலில் முடிந்துவிடும். உலகம் பூராவும் தினமும் நடப்பது. யாரும் யாருக்கும் போன் போட மாட்டார்கள். சீட்டு திரும்பி வரும்வரை எந்தச் சிக்கலும் இல்லை.

(இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் உவமை தோன்றும். வீடு, வாய்விட்டுச் சொல்லாத குறை, திரும்பி வராத சீட்டு. எனக்கும் தோன்றியது. அதை இந்தக் கதையில் தடை செய்திருக்கிறேன். மீறிச் சொல்கிறவர்கள் சொந்தப் பொறுப்பில் சொல்லிக்கொள்ளவும்.)

5 (மீதி 4)

மருமகள் போனிலேயே ஸ்கேன்காரரை வேலை வாங்கினாள். சோதனைப் பாக்கெட் ஒன்றை வெவ்வேறு அளவில் அனுப்பச் சொன்னாள்.

"ஆயிரத்து நானூறு போடுங்க."

"பதில் வந்துருச்சு."

"ஆயிரத்து நானூத்தி நாப்பத்தெட்டு."

"வந்துருச்சு."

"நாப்பத்தொம்பது."

போனில் அவர் விசையை இரண்டு தடவை தட்டுவது கேட்டது.

"வரல மேடம்."*

"திரையில என்ன எழுதியிருக்கு? 'பெரிசு'ன்னு ஏதாவது சொல்லுதா?"

"ஒண்ணுமே சொல்லல. கிணத்துல கல்லு போட்டாகூட 'தொப்'புன்னு ஒரு சத்தம் வரும். இது அதுகூட இல்ல."

பின்னாலிருந்து டிரைவர்: "என்ன தம்பி, பெரிசு இடிக்குதா?"

"அண்ணே, சும்மா இருங்க."

"இல்லப்பா, கேளு. பாலத்துக்கு அடியில போற ரோட்டுல, முன்னாடியே போர்டு வெச்சிருப்பாங்க. 'உயரம் இவ்வளவு'ன்னு. அதப் பாத்துட்டு நான் வண்டியத் திருப்பிடுவேன். போர்டு இல்லேன்னா கூரையைப் பேத்துட்டுத்தான் தெரியும். யாராவது போர்டைக் கழட்டிட்டாங்களான்னு அந்த அம்மாவைப் பாக்கச் சொல்லு."

மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள்.

ஸ்கேன் கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி உண்டு. ஃபயர்வால். எது போகலாம், எது வரலாம் என்று விதிப்படி பார்த்து விடும். எல்லாக் கிளைகளிலும் அந்தப் பெட்டிகளுக்கு விதி எழுதுவது இந்தக் கட்டடத்திலேயே ஒரே ஆள். அவள் தலையைத் திருப்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் மூக்கின் நுனியில் கண்ணாடியோடு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

அப்போதைக்கு அவள் செய்தது எளிமையான வேலை. பெரிய பாக்கெட்டே புறப்படாதபடி தன் ரௌட்டரில் கையால் ஓர் எல்லை போட்டாள். சீட்டு திரும்பி வர வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. பதினொன்று பத்துக்கு ஸ்கேன்காரர் போனில் கத்தினார்.

"போயிடுச்சு மேடம்! நூறு சதவீதம்!"

பதினொன்றே முக்காலுக்கு டாக்டரிடமிருந்து பதில்: லேசர் வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தால் போதும்.

"அப்ப இன்னிக்கு வண்டி எடுக்கலாமா?" என்றார் டிரைவர்.

"மொதல்ல கண்ணு சுருங்கட்டும்ணே."

அவருக்கு இந்தக் கதையில் இனி வேலை இல்லை. அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பழுதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எந்தப் படிவத்திலும் அவர் பெயர் வராது.

* சோதனைப் பாக்கெட்டின் தலைக்கு இருபத்தெட்டு பைட். 1448-உம் 28-உம் 1476. கணக்கு சரியாக இருக்கிறது. தங்கை அடிக்குறிப்பு படிக்க மாட்டாள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

6 (மீதி 3)

சூப்பிரண்டு வந்து மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தார். எண் 213.

"சரியாயிடுச்சாமே. ரொம்ப சந்தோஷம். காரணக் கட்டத்துல பேரு எழுதி, நாளைக்கு காலைல ஒம்பது மணிக்கு என் மேசைல வெச்சிடுங்க."

"சார், காரணம்னா... அளவு கூடிப்போச்சு, சீட்டு திரும்பி வரல, அப்படின்னு எழுதலாமா?"

"அது என்ன ஆச்சுங்கிறது. நான் கேக்கிறது யாரால ஆச்சுன்னு. மெஷின் தானா எதையும் பண்ணாதும்மா. ஏதோ ஒரு மனுஷன் ஏதோ ஒண்ணைப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்."

இது அவருடைய கண்டுபிடிப்பு. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார்: 'உடைத்தவர் உடைந்த இடத்தில் உட்கார வேண்டும்.' பழுதுக்குக் காரணமானவர் யாரானாலும், எந்த இடத்தில் பழுதானதோ அங்கே மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. முன்னொரு தடவை பிரிண்டரைக் கெடுத்த ஒருவர் மூன்று மாதம் அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இரண்டும் நண்பர்களாகிவிட்டதாகச் சொல்வார்கள்.

பிரிண்டர் அதே மாடியில் இருந்தது. இந்தக் கிளை ரயிலில் ஒன்பது மணி நேரம். வாரம் ஆறு நாள் வேலை. தங்க ஓர் அறை கொடுப்பார்கள்.

ஐந்து வாரத்தில் கப்பல்காரன் வருகிறான். ஒரு மாதம் இருப்பான். திரும்பக் கப்பல் ஏறினால் ஆறு மாதம். தன் பெயரை எழுதினால் மருமகள் அவனை எப்போது பார்ப்பாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கை போதவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பெயரை எழுதினால் அதே கணக்கு ஒரு தாய்க்கு.

கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதில் ஒரு பெயர்தான் பிடிக்கும்.

(நாலு பக்கம் மிச்சமாகட்டும் என்று கப்பலில் ஏற்றிவிட்டவன் இப்படி வந்து நடுவில் நிற்பான் என்று நான் நினைக்கவில்லை.)

7 (மீதி 2)

மாமியாரை முதல் வரைவில் கெட்டவராக எழுதியிருந்தேன். மருமகள் மேல் காட்டம். வேண்டுமென்றே விதி 41-ஐ எழுதி, திரும்பி வரும் சீட்டுகளையெல்லாம் அடைத்தார். டனல் விழுந்ததும் உள்ளுக்குள் சிரித்தார். எழுதி முடித்துப் படித்தால் அவர் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்த அட்டைப் படம் மாதிரி இருந்தார். அந்த மாதிரி ஓர் ஆளோடு சேர்ந்து யாரும் குறுக்கெழுத்து நிரப்ப முடியாது. எல்லாவற்றையும் அடித்தேன்.

உண்மையில் (அதாவது இரண்டாவது வரைவில்) அவருக்கு நல்ல காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் வெளியாள் ஒருவன் இதே துண்டுச் சீட்டுகளை வரவழைத்து வரவழைத்து, நெட்வொர்க்குக்குள்ளே எத்தனை அறை, எத்தனை கதவு என்று படம் போட்டுக்கொண்டிருந்தான். மாமியார் கண்டுபிடித்து அடைத்தார். அந்த வகையைச் சேர்ந்த சீட்டு எதுவும் இனி போகாது, வராது. சோதனைப் பாக்கெட்டும் அதன் பதிலும் மட்டும் விதிவிலக்கு. வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் செய்திருப்பார்.

மூன்று மணிக்கு மருமகள் எழுந்தாள். பதினொரு எட்டு. கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

"அத்தை."

தட்டச்சுச் சத்தம் நின்றது. மாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு?"

"...மேடம்."

"சொல்லுங்க."

"விதி நாப்பத்தொண்ணு. திரும்பி வர்ற சீட்டையெல்லாம் அடைச்சிருக்கீங்க."

"மூணு வாரமாச்சு. அடைக்கிறேன், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு உங்களுக்குப் படிவம் அனுப்பினேனே."

"எனக்கு வரல."

"நான் அனுப்பினேன்."

"வரலைங்க மேடம்."

"சரி. நேத்து டனல் போட்டிருக்கீங்க. இருபத்துநாலு பைட் கூடும்னு யார்கிட்ட சொன்னீங்க?"

"போன வாரமே உங்களுக்குப் படிவம் அனுப்பினேன். சீட்டு திரும்பி வர்ற வழி திறந்திருக்கான்னு பாருங்கன்னு எழுதியிருந்தேன். ஆட்சேபணைன்னு ஒண்ணும் வரல. போட்டுட்டேன்."

"எனக்கு வரல."

"நான் அனுப்பினேன்."

"வரலைங்கறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆபீஸில் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இருவருக்கும் ஒரே எண்ணம் ஒரே நேரத்தில் வந்தது. மருமகளுக்கு: பொய் சொல்றாங்க. மாமியாருக்கு: பொய் சொல்லுது.

சூப்பிரண்டு டீ டம்ளரோடு அந்தப் பக்கமாகப் போனார். "என்ன, குடும்ப விஷயமா?"

"ஆபீஸ் விஷயம் சார்," என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில். கப்பல்காரனைத் திட்டும்போது வரும் அதே குரல்.

அவர் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். டம்ளர் வைக்க இடமில்லாமல் தட்டை இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளி, கடைசியில் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டார்.

8 (மீதி 1)

எண் ஒன்றுக்கு வந்துவிட்டது. முடிக்க வேண்டும். எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) மருமகள் மாமியாரின் பெயரை எழுதுகிறாள். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டுகிறார். ரயில் நிலையத்தில்— இதற்கு மேல் எழுதினால் எனக்கே என் மேல் மரியாதை போய்விடும்.

ஆ) மருமகள் தன் பெயரையே எழுதுகிறாள். தியாகம். எனக்குத் தியாகத்தைப் பற்றி எழுதத் தெரியாது. எழுதியவர்கள் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

இ) கட்டத்தை வெறுமையாக விடுகிறாள். சூப்பிரண்டு படிவத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். அவள் மறுபடி கொடுக்கிறாள். அவர் மறுபடி திருப்பிக் கொடுக்கிறார். இதைத்தான் நான் தலைச்சீட்டில் எண் வைத்துத் தடுக்கப் பார்த்தேன்.

மூன்றும் சரியில்லை. கோப்பில் 213-ஆம் தாளை யார் கிழித்தார்கள், பச்சை மை மூன்று மாதம் எங்கே போயிருந்தது என்பதெல்லாம் முதல் பகுதியிலேயே உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். காய்ச்சலாகவும் இருக்கலாம். முடிவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு சாயங்காலம் ஆறரை வரை மட்டும் நான் கூட வருகிறேன்.

பஸ்ஸில் வழக்கம்போல வேறு வேறு சீட். மாமியார் முன்னால், மருமகள் மூன்று வரிசை பின்னால், மடியில் பை, பைக்குள் படிவம். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோதும் ஓர் எட்டு இடைவெளி. படிகளில் ஏறி, மாமியார் சாவியைப் பூட்டில் விட்டார். திருப்பவில்லை.

"நகல் வெச்சிருக்கியா?"

மருமகளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஆபீஸ் விஷயம். 'நீ'.

"எதோட நகல் அத்தை?"

"போன வாரம் குடுத்தேன்னு சொன்னியே, டனல் படிவம்."

"அத்தை, வீட்டுல ஆபீஸ் விஷயம்..."

"வீட்டுக்குள்ள எங்க போனோம்? வெளியதானே நிக்கிறோம். ஆபீஸும் இல்ல, வீடும் இல்ல. எடு."

மருமகள் பைக்குள் கையை விட்டாள். மாமியார் தன் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவர் எதற்கும் நகல் வைத்திருப்பவர், பல் டாக்டர் எழுதித் தந்த சீட்டுக்குக்கூட. கதவுக்கு மேலிருந்த விளக்கைப் போட்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்கள்.

ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தையது: சீட்டுகளை அடைக்கிறேன், ஆட்சேபணை உண்டா. இன்னொன்று போன வாரத்தது: இருபத்து நான்கு பைட் கூடும், சீட்டு வரும் வழி திறந்திருக்கிறதா. இரண்டிலும் வலது பக்கக் கீழ் மூலையில் பச்சை மை. ஒரே கையெழுத்து. அதற்கு மேல், அதே அழகான எழுத்தில்: 'பார்த்தேன். அனுப்புக.'

"யாரை அனுப்பச் சொல்றாரு?" என்றாள் மருமகள்.

"தட்டைத் தூக்குற ஆளைத்தான்."

"அவரு போயி ஒரு மாசம் ஆச்சே அத்தை."

"ஆமா."

இரண்டு பேருக்கும் அந்த ஒரு முழத் தட்டு கண்முன் வந்தது. அதன் மேல் டீ டம்ளர்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன் அத்தை."

"நானுந்தான். மூணு மணியிலிருந்து. பஸ்ல முழுக்க உன்னைத் திட்டிக்கிட்டேதான் வந்தேன்."

"தெரியும்."

"மனசுக்குள்ளதானே திட்டினேன்? எப்படித் தெரியும்?"

"பின்னாலருந்து பாத்தேன். தலை ஆடிக்கிட்டே இருந்துச்சு."

மாமியார் சிரித்துவிட்டார். அப்புறம் மருமகள். படியில் நின்று இரண்டு பேரும் சிரித்ததில் கையிலிருந்த நகல்கள் படபடத்தன.

"நாளைக்கு மொத வேலையா அந்த 'பெரிசு'ங்கிற சீட்டுக்கு மட்டும் வழி விட்டுடறேன்," என்றார் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மத்ததெல்லாம் அடைச்சபடியே இருக்கட்டும். அந்தப் படிவம் எங்க?"

"பையில இருக்கு."

"பேனா?"

"நீலம்தான் இருக்கு அத்தை."

"நீலம் போதும்."

சாவி திரும்பியது. மருமகள் உள்ளே போனாள். என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க நானும் ஒரு காலைப் படியில் வைத்தேன். நீங்களும் என் பின்னால்தான் இருந்தீர்கள். மாமியார் நிலையில் நின்று, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத் தெருப்பக்கம் பார்த்தார்.

"யாரு?"

உள்ளேயிருந்து மருமகளின் குரல்: "யாரும் இல்ல அத்தை. வாங்க."

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.